விழாவுக்கு எழுத்தாளர் வந்தாச்சு, ஓவியர் எங்கே?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

நேயர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். "எங்க குடியிருப்புல பொங்கல் விழா நடத்துறோம். வழக்கமா கோலப்போட்டி, உறியடி, சாக்குப்பை ஓட்டம்னு போயிடும். இந்தத் தடவை குழந்தைகளுக்காக எழுதுற ஒருத்தரைக் கூப்பிடலாம்னு இருக்கோம். யாரைக் கூப்பிடலாம்? வந்தா என்ன செய்யச் சொல்லலாம்?" கிட்டத்தட்ட இதே கேள்வியை நூலக வாசகர் வட்டத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள், பள்ளி ஆண்டுவிழா பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களும் கேட்கிறார்கள்.

ரொம்ப நல்ல யோசனை. நான் அவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "நீங்க கூப்பிடப் போற எழுத்தாளரோட புத்தகத்துக்குப் படம் வரைஞ்சது யாரு?" பெரும்பாலும் போனில் ஒரு சின்ன மௌனம் வரும். பிறகு புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்து, "உள்பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு பேரு இருக்குங்க" என்பார்கள்.

சில வருஷங்களாக எங்கள் பகுதி விழாக்களில் சிறுவர் அரங்கைக் கவனித்துக்கொள்ளும் வேலை என்னிடம் இருக்கிறது. அதில் பார்த்ததையும், மற்ற ஊர்களில் நடப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இந்த எபிசோடில் சொல்கிறேன். எழுத்தாளரைக் கூப்பிடும்போது ஓவியரையும் ஏன் கூப்பிட வேண்டும், அவர்கள் வருவதற்கு முன்னால் நாம் என்ன செய்ய வேண்டும், அவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் பார்ப்போம்.

எதற்காகக் கூப்பிடுகிறோம்?

எங்கள் பகுதி விழா ஒன்றில் ஓர் ஓவியர் தன் புத்தகத்தின் மூலப் படங்களைக் கொண்டு வந்திருந்தார். தடிமனான தாளில் வாட்டர்கலரில் வரைந்த படங்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை அதில் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது கையால வரைஞ்சதா? பிரிண்ட் இல்லையா?" ஓவியர் சிரித்துக்கொண்டே, "கையாலதான்டா. இதோ பாரு, இங்க தண்ணி சொட்டு விழுந்துடுச்சு" என்று ஓர் ஓரத்தைக் காட்டினார். அவள் அந்தத் தண்ணீர்க் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தையின் கைக்குப் புத்தகம் எப்படி வருகிறது? கடையிலிருந்து வருகிறது, பள்ளியில் கொடுக்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட் போல, எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாராகி வருவதாகத்தான் அது நினைத்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அழித்து அழித்து வரைந்திருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. இப்போது செல்போனில் நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து விழுகிற காலம் வேறு. படம் என்றாலே அப்படித்தான் வரும் என்று நினைக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

புத்தகத்தை நம்மைப் போன்ற ஒரு ஆள்தான் செய்கிறார் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த எண்ணம் தானாக வரும்: அப்படீன்னா நானும் செய்யலாமே. எழுத்தாளர், ஓவியர் சந்திப்பு குழந்தைக்குத் தருவது இதைத்தான். இது கிடைக்கவில்லை என்றால் பொன்னாடையும் நினைவுப் பரிசும் புகைப்படமும் பெரியவர்களுக்கான நிகழ்ச்சியாகவே முடிந்துபோகும்.

கதையில் பாதி படத்தில் இருக்கிறது

படக்கதைப் புத்தகம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பிரிட்டனைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்' என்ற புத்தகம் இதற்கு நல்ல உதாரணம். எழுதியதும் வரைந்ததும் அவரேதான். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது. மொத்தப் புத்தகத்திலும் 32 ஆங்கில வார்த்தைகள்தான். ஆனால் படங்களில் ஒரு நரி அந்தக் கோழியின் பின்னாலேயே வருகிறது. ஒவ்வொரு முறையும் பாயப் பார்த்து மாட்டிக்கொள்கிறது. அந்த 32 வார்த்தைகளில் நரி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை.

வாசித்துக் காட்டுகிற பெரியவர் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை "நரி! நரி!" என்று கத்தும். அங்கே குழந்தைக்குப் பெரியவரைவிட அதிகம் தெரியும். படிக்கத் தெரியாத வயதில் இருக்கும் குழந்தைக்குப் படம்தான் வாசிப்பு. அதனால் படக்கதைப் புத்தகத்துக்கு வரைந்தவரை 'அழகுக்காகப் படம் போட்டுக் கொடுத்தவர்' என்று நினைப்பது சரியாக வராது. கதையில் பாதியை அவர் சொல்லியிருக்கிறார்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? உங்கள் வீட்டில் ஐம்பது அறுபது வயதில் இருப்பவர்களிடம் 'அம்புலிமாமா' பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1947-இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை. "விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு, கையில வாளோட நடந்து வருவானே" என்று உடனே சொல்வார்கள். அவர்கள் நினைவில் இருப்பது ஒரு படம். அந்தப் படத்தை வரைந்தவர் யார் என்று கேளுங்கள், பலருக்குத் தெரியாது. சங்கர் என்று அறியப்பட்ட கே.சி. சிவசங்கரன் அவர். 1950-களில் சேர்ந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தப் பத்திரிகைக்கு வரைந்தார். 2020-இல் காலமானார். 2021-இல்தான், அவர் மறைந்த பிறகு, பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறைக் குழந்தைகள் அவர் வரைந்ததைப் பார்த்து வளர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அவரை நேரில் பார்த்து, "வேதாளத்துக்கு முடி ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கும்?

பெயர் எப்போது சேர்ந்தது?

ஓவியர் பின்னால் நிற்பது தமிழில் மட்டும் நடப்பதில்லை. உலக அளவில் சிறார் இலக்கியத்தின் மிகப் பெரிய கௌரவம் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. எழுத்தாளர்களுக்கு 1956-லிருந்து கொடுக்கிறார்கள். ஓவியர்களுக்கு அதே விருது வந்தது 1966-இல்தான். அமெரிக்காவில் குழந்தை நூல்களுக்கான நியூபெரி பதக்கம் 1922-இல் தொடங்கியது, படக்கதைப் புத்தகத்தின் ஓவியருக்கான கால்டெகாட் பதக்கம் 1938-இல்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியதையும் சொல்ல வேண்டும். ஆண்டர்சனின் பிறந்தநாளான ஏப்ரல் 2-ஐ உலகச் சிறார் புத்தக தினமாகக் கொண்டாடுகிறோம் இல்லையா? அதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாடு பொறுப்பு எடுத்துக்கொள்ளும். அந்த நாட்டு எழுத்தாளர் ஒருவர் உலகக் குழந்தைகளுக்குச் செய்தி எழுதுவார், ஓவியர் ஒருவர் சுவரொட்டி வரைவார். இரண்டு பெயரும் சேர்ந்தே வெளியே போகும். இத்தாலியின் பொலோன்யா நகரில் 1964-லிருந்து நடக்கும் சிறார் புத்தகக் கண்காட்சியில் ஓவியர்களுக்கென்றே தனிக் கண்காட்சி உண்டு. வாய்ப்புத் தேடும் இளம் ஓவியர்கள் தங்கள் படத்தையும் முகவரியையும் ஒட்டிவைக்க ஒரு சுவரே இருக்கிறது.

அந்தக் கண்காட்சியில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையின் தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்ற நூலுக்கு 2008-இல் பொலோன்யா ராகாட்ஸி விருது கிடைத்தது. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி என்ற மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்களின் புத்தகம் அது. கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யப்பட்டது. ஓவியர்களின் பெயர்தான் ஆசிரியர் பெயராக அட்டையில் இருக்கிறது.

தமிழில் இந்த மாற்றத்தைச் சங்கங்களின் பெயரிலேயே பார்க்கலாம். அழ. வள்ளியப்பா 1950-இல் தொடங்கியது குழந்தை எழுத்தாளர் சங்கம். சிறார் படைப்பாளிகள் 2021-இல் தொடங்கிய அமைப்பின் பெயர் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம். எழுபது வருஷத்தில் 'கலைஞர்கள்' என்ற ஒரு சொல் சேர்ந்திருக்கிறது. நம் விழா அழைப்பிதழிலும் அந்தச் சொல் சேர வேண்டும்.

சிலர் இரண்டுமாக இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2024-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யூமா வாசுகி கவிஞர், மொழிபெயர்ப்பாளர், ஓவியரும்கூட. அப்படிப்பட்டவர்கள் வந்தால், "நீங்க முதல்ல எழுதுவீங்களா, வரைவீங்களா?" என்று குழந்தைகளைக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல பதில் கிடைக்கும்.

ஓவியர் வந்து என்ன செய்வார்?

"எழுத்தாளர்னா கதை சொல்லுவார். ஓவியர் வந்து என்னங்க செய்வார்?" என்று ஒருவர் கேட்டார். உண்மையில் குழந்தைகள் கூட்டத்தைக் கட்டிப்போடுவது ஓவியருக்குத்தான் சுலபம். கையில் மார்க்கரை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டால் போதும், நூறு கண்ணும் அங்கே போய்விடும்.

குழந்தைகளுக்காகவே நடக்கும் புத்தக விழாவான 'புக்கரூ' டெல்லியில் 2008-இல் தொடங்கியது. 2017-இல் லண்டன் புத்தகக் கண்காட்சி அதற்குச் சிறந்த இலக்கிய விழாவுக்கான விருது கொடுத்தது. அங்கே 'டூடுல் வால்' என்று ஒரு பெரிய வெள்ளைச் சுவர் வைப்பார்கள். குழந்தைகள் சுற்றி நின்று பார்க்க, ஓவியர்கள் அதில் வரைவார்கள். இதற்குச் செலவு அதிகம் இல்லை. நம் விழாவில் ஒரு தட்டியில் வெள்ளைச் சார்ட் தாள்களை ஒட்டினாலே ஆச்சு.

நான் பார்த்தவற்றில் நன்றாக வேலை செய்த மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டாக ஒரு பாத்திரத்தை உருவாக்குவது. ஓவியர் வட்டமாக ஒரு முகத்தைப் போட்டுவிட்டு, "மூக்கு எப்படி இருக்கணும்?" என்று கேட்பார். ஒருவன் "முருங்கைக்காய் மாதிரி" என்பான். இன்னொருத்தி "கால் எட்டு" என்பாள். எல்லாம் படத்தில் வந்துவிடும். பிறகு எழுத்தாளர் கேட்பார்: "இது ஏன் இன்னைக்கு ஸ்கூலுக்கு லேட்டா வந்துச்சு?" அங்கிருந்து கதை தொடங்கும். எழுத்தாளரும் ஓவியரும் ஒன்றாக வேலை செய்வதைக் குழந்தைகள் கண்ணெதிரே பார்ப்பார்கள்.

இரண்டாவது, புத்தகத்தில் இடம்பெறாத படங்களைக் காட்டுவது. ஓவியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "நீங்க வரைஞ்சு வேண்டாம்னு விட்டதையும் கொண்டு வாங்க." எங்கள் விழாவுக்கு வந்த ஒருவர் ஒரே யானையை ஏழு விதமாக வரைந்த தாள்களைக் காட்டினார். ஏழாவதுதான் புத்தகத்தில் இருந்தது. "மத்த ஆறும் தப்பா?" என்று ஒரு பையன் கேட்டான். "தப்பில்ல. அந்த ஆறு யானையும் கோவமா இருக்கு. கதையில வர்ற யானைக்குக் கோவம் வராது" என்றார். பத்து தடவை அழித்து எழுதச் சொன்னால் அழுகிற குழந்தைக்கு இந்தப் பதில் ரொம்ப உதவும்.

மூன்றாவது, குட்டிப் புத்தகம் செய்வது. ஒரே ஒரு ஏ4 தாள் போதும். தாளை எட்டுக் கட்டங்கள் வரும்படி மடித்து விரியுங்கள். பிறகு அகலவாட்டில் பாதியாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். விரித்து நீளவாட்டில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்பக்கமாகத் தள்ளினால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். ஒட்டவோ பின் அடிக்கவோ வேண்டாம். கடைகளில் இருக்கும் படக்கதைப் புத்தகங்கள் ஏன் 16, 24, 32 பக்கம் என்றே இருக்கின்றன என்பதையும் இதை வைத்தே விளக்கிவிடலாம். அச்சகத்தில் பெரிய தாளில் அச்சடித்து, இதே மாதிரி மடித்து வெட்டுகிறார்கள். அட்டையில் குழந்தையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர் என்று இரண்டு பேராகச் செய்தால் இரண்டு பெயரும் அட்டையில் வர வேண்டும்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால்

இதுதான் பெரும்பாலும் விட்டுப்போகும் வேலை. புத்தகத்தைப் பார்க்காத குழந்தைக்கு, வந்திருப்பவர் யாரோ ஒரு மாமா, யாரோ ஓர் அத்தை. புத்தகத்தை ஏற்கெனவே நாலு தடவை கேட்ட குழந்தைக்கு அவர் 'அந்த யானையை வரைஞ்சவங்க'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு முகத்திலேயே பார்க்கலாம்.

அதனால் இரண்டு வாரம் முன்னதாகவே, வரப்போகிறவர்களின் புத்தகத்தில் நாலைந்து பிரதிகள் வாங்கிவிடுங்கள். பகுதி நூலகத்தில் ஒன்று, பக்கத்துப் பள்ளியில் ஒன்று, குடியிருப்பில் மாலை நேரத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒன்று. யாராவது ஒரு அக்காவோ தாத்தாவோ வாசித்துக் காட்டினால் போதும். வாசிக்கும்போது எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியில் குழந்தைகளிடம் கேள்விகளை எழுதி வாங்குங்கள், ஆனால் திருத்தாதீர்கள். 'தங்களின் எழுத்துப் பயணம் எவ்வாறு தொடங்கியது?' என்று எந்தக் குழந்தையும் கேட்காது. அது நாம் எழுதிக் கொடுப்பது. அவர்களாகக் கேட்டால் "ஒரு படம் வரைய எத்தனை நாள் ஆகும்?", "உங்க வீட்ல திட்டுவாங்களா?", "உங்களுக்கு எவ்வளவு காசு குடுப்பாங்க?" என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பெரியவர்கள் "ஷ்ஷ்" சொல்லாமல் இருந்தால் நல்லது. நியாயமான கேள்வி அது.

புத்தகம் வாங்கப் பணமில்லாத இடமென்றால் ஒரு வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் நிறையப் படக்கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமத்தில் கொடுத்திருப்பதால் இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், திரையில் போட்டும் காட்டலாம். ஒரே நிபந்தனை, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களைச் சொல்ல வேண்டும். அந்த நிபந்தனையையே ஒரு பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விழா அன்று

ஏற்பாட்டில் சில சின்ன விஷயங்கள். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் நிகழ்ச்சி நன்றாகப் போவதும் சொதப்புவதும் இவற்றில்தான் இருக்கிறது.

நேரம் காலையாக இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு வைத்தால் குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, தலைமை எல்லாம் முடிந்து எட்டு மணிக்குத்தான் அவருக்கு மைக் கிடைக்கும். குழந்தைகள் அதற்குள் தூங்கியிருப்பார்கள் அல்லது பஜ்ஜி ஸ்டாலில் இருப்பார்கள். ஒரு அமர்வு 40 நிமிடம் போதும். பட்டறை என்றால் 25, 30 குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். நிறையப் பேர் இருந்தால் இரண்டு அமர்வாகப் பிரித்துவிடலாம், ஆனால் அதை வருகிறவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மேடை வேண்டாம். ஜமுக்காளம் விரித்து, மரத்தடியோ சின்ன அறையோ போதும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிற இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். ஓவியருக்குக் காலர் மைக் கொடுங்கள், ஒரு கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வரைய முடியாது. தாள் ஒட்டும் பலகை குழந்தைகள் தலைக்கு மேலே தெரிகிற உயரத்தில் இருக்க வேண்டும். தடித்த மார்க்கர், துடைக்கத் துணி, குடிக்கத் தண்ணீர். வயதுவாரியாக உட்கார வைத்தால் சின்னக் குழந்தைகளுக்கு முன்னால் இடம் கிடைக்கும்.

இன்னொன்று, விழா சுவரொட்டி. ஓவியரை அழைத்துவிட்டு, சுவரொட்டிக்கு ஏஐ போட்டுக் கொடுத்த படத்தை ஒட்டியிருப்பதை இப்போது சில இடங்களில் பார்க்கிறேன். வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைய வேண்டும். அவருடைய புத்தகத்திலிருந்தே ஒரு படத்தை அனுமதி கேட்டுப் போடலாமே. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

பணம்

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். "குழந்தைங்களுக்குத்தானே, ஒரு சேவையா வந்துட்டுப் போகலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதே விழாவில் ஷாமியானா போட்டவருக்குப் பணம் கொடுக்கிறோம். மைக்செட்காரருக்கு, சமையல்காரருக்கு, செண்டை மேளத்துக்கு எல்லாம் கொடுக்கிறோம். அவர்களிடம் யாரும் சேவை என்று சொல்வதில்லை.

"அவங்க புத்தகத்தை நாங்க வித்துக் குடுக்கிறோமே" என்றும் சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். புத்தக விலை 100 ரூபாய் என்று வையுங்கள். ராயல்டி 10 சதவீதம் என்றால் 10 ரூபாய். அதை எழுத்தாளரும் ஓவியரும் பாதிப் பாதி பிரித்தால் ஆளுக்கு 5 ரூபாய். நம் விழாவில் 60 புத்தகம் விற்றது, நல்ல விற்பனைதான். ஆளுக்கு 300 ரூபாய். வந்துபோன ஆட்டோவுக்குச் சரியாகப் போயிற்று. இது நல்ல ஒப்பந்தம் இருந்தால் வருகிற கணக்கு. பல ஓவியர்களுக்கு ராயல்டியே கிடையாது, வரைந்த அன்றைக்கு ஒரு தொகை கொடுத்ததோடு சரி. அவர்களுக்கு 60 புத்தகம் விற்றாலும் 600 விற்றாலும் ஒன்றுதான்.

அதனால் முதல் போனிலேயே பேசிவிடுங்கள். "மேடம், எங்களால இவ்வளவு தர முடியும். போக வர செலவு தனி. உங்களுக்குச் சரியா இருக்குமா?" என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. குறைவான தொகையாக இருந்தாலும் சொல்லிவிட்டால், வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, கடைசியில் சால்வையும் ஒரு கேடயமும் கொடுத்து அனுப்பினால், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். அடுத்த வருஷம் கூப்பிடும்போது வேறு வேலை இருக்கிறது என்பார். எழுத்தாளருக்கு ஒரு தொகை, ஓவியருக்கு அதில் பாதி என்றும் வைக்காதீர்கள். இருவருக்கும் ஒரே நேரம், ஒரே வேலை, ஒரே தொகை.

இருவரையும் அழைக்க நிதி இல்லையா? ஒருவரை மட்டும் அழையுங்கள். இந்த வருஷம் ஓவியர், அடுத்த வருஷம் எழுத்தாளர். வராதவருடைய பெயரையும் அமர்வில் சொல்லி, அவர் என்ன செய்தார் என்று விளக்கச் சொன்னால் போதும்.

வாங்க முடியாத குழந்தை

கையெழுத்து வாங்கும் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? புத்தகம் வாங்கிய குழந்தைகள் வரிசையில் நிற்பார்கள். வாங்க முடியாத குழந்தைகள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் குடியிருப்பில் வீட்டுவேலை செய்கிறவர்களின் குழந்தைகள், காவலாளியின் குழந்தைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். சமூக விழா என்று பெயர் வைத்துவிட்டு இப்படி இரண்டாகப் பிரிய விடக்கூடாது.

எளிய வழி ஒன்று சொல்கிறேன். அந்த ஓவியரிடம் அனுமதி வாங்கி, ஒரு படத்தைக் கோட்டோவியமாக ஏ4 தாளில் நகலெடுத்து, வருகிற எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிடுங்கள். வண்ணம் தீட்டிக்கொள்ளலாம், கையெழுத்தும் அதிலேயே. எல்லாருக்கும் ஒரே வரிசை. அல்லது அவர்களே செய்த அந்த எட்டுப் பக்கப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கலாம். இது எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு படைப்பாளி இன்னொரு படைப்பாளியின் புத்தகத்தில் போடுகிற கையெழுத்து அது.

வாங்க வேண்டும் என்று ஆசைப்படும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்யலாம். 2005-லிருந்து நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்து, சேர்த்த காசில் புத்தகம் வாங்க வைக்கும் பழக்கம் உண்டு. நம் விழாவுக்கும் மூன்று மாதம் முன்னால் சின்ன மண் உண்டியல் கொடுத்தால் எந்தக் குழந்தையாலும் ஒரு புத்தகத்துக்குச் சேர்க்க முடியும். சங்க நிதியில் கொஞ்சம் போட்டு அதைப் பாதி விலைக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

விழா முடிந்த பிறகு

கடைசியாக ஒன்று. வந்தவர்களின் புத்தகங்களைப் பகுதி நூலகத்தில் வையுங்கள். "நேத்து வந்தாங்களே, அவங்க புக் இருக்கா?" என்று கேட்டு வரும் குழந்தை வெறும் கையோடு திரும்பக்கூடாது. குழந்தைகள் செய்த குட்டிப் புத்தகங்களையும் அங்கேயே ஒரு கயிற்றில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். மாதம் ஒருமுறை அதில் புதிது சேர்ந்தால், விழாவுக்கு உண்மையான பயன் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை. இன்றைக்கு இரவு குழந்தைக்கு வாசித்துக் காட்டப் போகும் புத்தகத்தை எடுங்கள். எழுதியவர் பெயரை வாசித்த பிறகு, வரைந்தவர் பெயர் எங்கே இருக்கிறது என்று குழந்தையையே தேடச் சொல்லுங்கள். சில புத்தகங்களில் அட்டையிலேயே இருக்கும், சிலவற்றில் பின்னட்டையில். இல்லவே இல்லை என்றால் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்: 'இந்தப் படத்தை வரைந்தது யார்? எனக்குப் பிடித்திருக்கிறது.' குழந்தையின் கையெழுத்தில் வருகிற அந்த ஒரு வரியை எந்தப் பதிப்பாளரும் அலட்சியம் செய்ய மாட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊர் விழாவில் எழுத்தாளர், ஓவியர் சந்திப்பு நடத்தியிருந்தால், எது நன்றாகப் போனது, எது சரிவரவில்லை என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் அவற்றைப் பற்றியும் பேசுவோம்.